ஐப்பசி மழையில் ராமநாதபுரம் முதல் அரிச்சல்முனை வரை: வாடகைக் கார் அனுபவம்

மழைக்காலம் வந்தாலே கொடைக்கானலுக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் ஒரு தடவை ஐப்பசிக் கடைசியில் எங்கள் ராமநாதபுரம் பக்கம் வந்து பாருங்கள். இந்த மாவட்டத்துக்கு மழை என்றால் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைதான். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வயலெல்லாம் நாலு மழை விழுந்ததும் பச்சை கட்டிவிடும், கோடையில் வெடித்துக் கிடந்த கண்மாயில் தண்ணீர் நிற்கும், பனைமரம்கூடக் கழுவி வைத்ததுபோல் கறுத்து நிற்கும்.

வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு ராமநாதபுரத்திலேயே டிரைவரோடு ஒரு கார் எடுத்தோம். டிரைவர் அண்ணனுக்குத்தான் முழு மார்க்கும். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சக்கரக்கோட்டை கண்மாயில் நாங்கள் கேட்காமலே வண்டியை ஓரங்கட்டினார். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2025இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது, ஆனால் பஸ்ஸில் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு அங்கே இறங்கிப் பார்க்க ஏது நேரம். கூழைக்கடா ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டிச் சறுக்கிக்கொண்டே இறங்கியதைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியம்மா காரில் ஏறவே மாட்டேன் என்றார்.

உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், பின்னால் வருகிற பஸ்ஸுக்கெல்லாம் இடைஞ்சல். அண்ணன் நிறுத்தவில்லை, ஆனால் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். புது ரயில் பாலத்தை அப்படியே நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம் தீவில் மேடு என்று சொல்ல இருப்பது கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். மலை ஏறிப் பழகியவர்களுக்கு அது ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். ஆனால் ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மேலிருந்து பார்த்தால் தென்னந்தோப்பும் கோயில் கோபுரமும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும்.

அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைத் தாண்டி, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார் ரோடு இருக்கிறது. இந்தப் பருவத்தில் போகச் சொல்வதே இந்த ரோட்டுக்காகத்தான். வாடைக்காற்று அடிக்கிற மாதம் என்பதால் இடது பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கி, நுரை தள்ளிக் கரையை அறைகிறது. வலது பக்கம் மன்னார் வளைகுடா அலையே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கிற கச்சான் காலத்தில் வந்தால் இது அப்படியே தலைகீழ் என்றார் அண்ணன். நடுவில் ரோட்டின் மேல் மணல் கோடுகோடாக ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலை இறக்கினால் பல்லில் மணல் கடிபடும், இருந்தாலும் யாரும் ஏற்றவில்லை.

ஒரே ஒரு குறை, கார் ஆபீஸ் மேல். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் போனில் சொன்னார்கள். முடிவில் கணக்குப் பார்க்கும்போது நாள் வாடகைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டார்கள். போக வர எல்லாம் சேர்த்தாலும் ஓட்டம் 200ஐத் தொடாது. முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்சத் தூரத்துக்குத் தேவிபட்டினமும் பார்த்திருப்போம், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் புக் பண்ணும்போதே குறைந்தபட்சத் தூரம், டிரைவர் பேட்டா, டோல் மூன்றையும் தெளிவாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். டிரைவர் உள்ளூர்க்காரரா என்றும் கேளுங்கள், காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. புயல் சின்னம் இருந்தால் தனுஷ்கோடிக்குள் வண்டியை விடமாட்டார்கள், சாயங்காலத்துக்கு மேலும் விடமாட்டார்கள், எனவே காலையிலேயே கிளம்புங்கள். குடை அந்தக் காற்றுக்கு நிற்காது, ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள்.