இரும்புக் குளிசையும் பத்து மணித் தேத்தண்ணியும்

பண்டாரவளையிலிருந்து தோழி ஒருத்தி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஃபெரிடின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவு, 9. ரொம்பக் குறைவு. "பாமசியில இரும்புக் குளிசை மூணு வகை காட்டுறாங்க புள்ள. விலை மலைக்கும் மடுவுக்குமா இருக்கு. நீ எதப் போட்ட?" என்று கேட்டிருக்கிறாள். குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன், அது முடிகிற வழியாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மூன்று வகையையும் மாறி மாறி விழுங்கியவள் என்பது மட்டும்தான் என் தகுதி.

ஹீமோகுளோபின் என்றால் என்ன, களைப்பு ஏன் வருகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கில் சும்மா தருகிற, பாமசியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஃபெரஸ் சல்பேட் இருக்கிறதே, அதுதான் வேலை செய்தது. 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் உள்ள நிஜமான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். அதிலும் உடம்பு எடுப்பது கொஞ்சம்தான், ஆனாலும் அது போதும். 9.4இல் கிடந்த என் ஹீமோகுளோபின் அடுத்த ரிப்போர்ட்டிலேயே 11ஐத் தொட்டது. அதற்கும் முந்தி நடந்த ஒன்றுதான் என்னை அசர வைத்தது. பச்சரிசி தின்கிற ஆசை போய்விட்டது. உலைக்கு அரிசி களையும்போது ஒரு கைப்பிடி வாயில் போடாமல் என்னால் இருக்க முடியாது. அம்மாவும் அப்படித்தான், பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரியம்மாவும் அப்படித்தான். அது எங்கள் குடும்பப் பழக்கம் என்றே நினைத்திருந்தோம். அரிசி, மண், ஐஸ் என்று தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவில் வரும் ஒரு கோளாறு என்றும், இரத்தம் ஏறுவதற்கு முன்பே பலருக்கு அது நின்றுவிடும் என்றும் பிறகுதான் சொன்னார்கள். ஒருநாள் அரிசி களைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன், வாயில் ஒன்றும் இல்லை.

இனி அதன் குணம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்குப் பயப்படலாம். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும், ஆனால் நெஞ்சுக்குழியில் ஒரு பிரட்டல். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பிரட்டல் குறையும், சேர்வதும் குறையும். நம் பக்கத்தில் பாதிப் பேர் கேஸ்டிரைட்டிஸ் என்று ஒமெப்ரசோலைக் காலையில் தேவாரம் மாதிரி போடுகிறார்கள். வயிற்றுப் புளிப்பைக் குறைக்கிற அந்தக் குளிசை இரும்பு சேர்வதையும் குறைக்கும். இரண்டும் போடுகிறவர்கள் டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது வகை, மென்று தின்கிற சொக்லேட் சுவைக் குளிசை. உள்ளே இருப்பது இரும்பு பொலிமோல்டோஸ். "மிஸ், இதுல ஒரு கரச்சலும் இல்ல" என்று பாமசித் தம்பி எடுத்து நீட்டினான். பொய் சொல்லவில்லை. வயிறு ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டோடு போடலாம், வாயில் இரும்புச் சுவை இல்லை. ரிப்போர்ட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் ஹீமோகுளோபின் நத்தை மாதிரி ஊர்ந்திருந்தது. சிலருக்கு நன்றாக ஏறுகிறதாம், இருக்கலாம். எனக்கு ஏறவில்லை. விலையோ பல மடங்கு.

மூன்றாவது, பளபளவென்ற பெட்டியில் வரும் கெப்சியூல். இரும்பு, சிங்க், பி12, கல்சியம் என்று பெட்டி முழுக்கப் பெயர்கள். கல்சியம் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் என்று தெரிந்தும் இரண்டையும் ஒரே உறைக்குள் ஏன் போடுகிறார்கள் என்று யாராவது விளக்கினால் நல்லது. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் தனிம இரும்பு, அதாவது நிஜமான இரும்பு, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதைப் பாருங்கள், முன்பக்கத்துச் சிவப்புத் துளிப் படத்தைப் பார்க்காதீர்கள். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

என் கோபம் எதன் மேலும் இல்லை, தேத்தண்ணி மேல்தான்.

தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. அதனால் குளிசைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேத்தண்ணி கூடாது. சாப்பாட்டோடும் கூடாது. சொல்வதற்கு எவ்வளவு லேசு! கொழும்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்லலாம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க மனம் வராத காலையில், தேயிலைக்கு நடுவில் பிறந்து தேயிலைக்கு நடுவிலேயே வேலை பார்க்கிற ஒருத்திக்கு அதைச் சொல்கிறார்கள். எழும்பினால் சாயத் தேத்தண்ணி. ரொட்டி தொண்டையில் இறங்கச் சாயம். பத்து மணிக்கு ஸ்டாஃப் ரூமில் சாயம். நாலு மணிக்கு, மழைக்கு, விருந்தாளிக்கு, செத்த வீட்டுக்கு. கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் போட்ட, இலங்கையின் முதல் வியாபாரத் தேயிலை என் வயிறு வரைக்கும் வந்து நிற்கிறது.

பால் ஊற்றினால் பரவாயில்லை என்பார்கள். பாலால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. கிறீன் டீ உடம்புக்கு நல்லது என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் பொட்டலத்தோடு வந்தார். தடுக்கிற சாமான் அதிலும் இருக்கிறது. 1999இல் வந்த ஓர் ஆய்வில் பாணோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு இரும்பு சேர்வது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்திருந்தது. நம் மலையில் காலைச் சாப்பாடு என்ன? கோதுமை மா ரொட்டி, சம்பல், ஒரு போத்தல் பிளேன்டீ. கொழுந்து எடுக்கிற அக்காமார் கொட்டும் பனியில் நின்றுகொண்டே அதைத்தான் சாப்பிடுகிறார்கள். இருக்கிற துளி இரும்பையும் அந்தப் பிளேன்டீ கொண்டுபோய்விடுகிறது. இறைச்சி, மீனில் உள்ள இரும்பைத் தேயிலை அவ்வளவாகத் தொடாது. ஆனால் ரொட்டி, பருப்பு, கீரையில் உள்ளதைத்தான் தொடும், நாம் தினம் சாப்பிடுவதும் அதைத்தான். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. சரி, தள்ளலாம். ஆனால் மலையில் பத்து நிமிஷ இடைவேளைக்குள் எதைத் தள்ளுவது?

என் வீட்டில் நான் தள்ளிவிடுவேன். பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போதுதான் சிக்கல். பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடி லயத்துக்குப் போனால், விஷயம் பேசுவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். "டீச்சர், ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க." வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் சுருங்குவதைப் பாருங்கள். லயத்து வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றிருந்த உத்தியோகத்தர்களை அந்த வீடுகள் இன்னும் மறக்கவில்லை. படித்துவிட்டு வெளியே போன நம் பிள்ளைகளே அப்படி நடந்திருக்கிறார்கள். "அக்கா, நான் இரும்புக் குளிசை போட்டிருக்கேன்" என்று சொன்னால், "அதுக்கென்னங்க, சூடா குடிச்சா நல்லதுதான்" என்று இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன, குடிக்க வேண்டியதுதான். எந்த ஃபெரிடினுக்காகவும் அந்த வீட்டில் கோப்பையைத் தள்ளி வைக்க என்னால் முடியாது.

ஆகவே குளிசையை இராத்திரிக்கு மாற்றினேன். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன், எலுமிச்சை பிழிந்த இளஞ்சூட்டுத் தண்ணீரோடு. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு தடவை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் ஏறி, மறுநாள் வரைக்கும் இரும்பு நுழைகிற குடல் வாசலை ஒருக்களித்து வைத்துவிடுகிறது. 2017இல் சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் பார்த்தபோது, தினம் போட்டவர்களுக்கு 16.3 சதவீதமும் ஒருநாள் விட்டுப் போட்டவர்களுக்கு 21.8 சதவீதமும் சேர்ந்தது. என் டொக்டர் இதற்குச் சம்மதித்தார், என் மலச்சிக்கலும் சம்மதித்தது. கர்ப்பிணிகளும் இரத்தம் ரொம்பக் குறைந்தவர்களும் இதைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொல்கிறபடி தினம் போடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி. என் ரிப்போர்ட் விஷயம் வெளியே தெரிந்ததும் வீட்டுக்கு வந்து குவிந்த பீட்ரூட்டை வைத்து ஒரு கடை போட்டிருக்கலாம். இங்கே தோட்டம் தோட்டமாக விளைகிறது, சிவப்பாக இருக்கிறது, ஆகவே இரத்தம் ஊறுமாம். 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பு. மாதுளையில் அதைவிடக் குறைவு. அந்தச் சிவப்பு வெறும் சாயம். அதே 100 கிராம் கோழி ஈரலில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை என்பதால் யாரும் அதைக் கொண்டுவந்து தரவில்லை. (கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதில் விட்டமின் ஏ அதிகம்.)

எதிர்பாராத சந்தோஷம் என்றால் அது நெத்தலிக் கருவாடுதான். முருங்கைக்கீரைச் சுண்டலில் வறுத்த நெத்தலியைப் போட்டு, அடுப்பை விட்டு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது. கொதிக்கும்போது பிழிந்தால் விட்டமின் சி வீணாகும். மீன் தன் இரும்பைக் கொடுப்பதோடு, கீரையின் இரும்பையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. கீரையை மட்டும் தட்டு நிறையச் சாப்பிட்டு வந்த காலத்தில் இது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். இப்போது வீட்டில் நான் சொல்லாமலே அந்தச் சுண்டல் வருகிறது, பிள்ளைகள் நெத்தலிக்குச் சண்டை பிடிக்கிறார்கள். பின்னேரத்தில் ஒரு கொய்யாப்பழம். அவ்வளவுதான் என் உணவு முறை. ஆனால் 9இல் இருக்கிற ஃபெரிடினைச் சாப்பாட்டால் மட்டும் தூக்கிவிடலாம் என்று நினைக்காதே, அது ஏறியதைக் காப்பாற்றத்தான்.

தோழிக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நாம் இருக்கிற உயரம். மேலே போகப் போக உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீட்டர். 1,500 மீட்டரில் இருப்பவர்களுக்கு 0.5 கிராமைக் கழித்துப் பார்க்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பின் 2011 அட்டவணையிலேயே இருக்கிறது. எனக்கு 12.3 வந்தபோது லெப் ரிப்போர்ட் 'சாதாரணம்' என்று அச்சடித்துக் கொடுத்தது. கழித்தால் 12க்குக் கீழே. பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் அது இரத்தக் குறைவுதான். உன் ஊர் இவ்வளவு உயரம் இல்லை, கழிப்பதும் குறையும், ஆனால் கேட்டுப் பார். இரண்டு, ஃபெரிடின் பார்க்காமல் இரும்பு விழுங்குகிறவர்களைப் பற்றி. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்களுக்கும், இரும்பு குறைந்தவர்களைப் போலவே, இரத்தச் செல் சிறிதாகத்தான் தெரியும், ஆனால் அவர்களுக்கு இரும்பு குறைந்திருக்க வேண்டியதில்லை. நீ பார்த்துவிட்டாய், நல்லது. காய்ச்சலோடு மட்டும் ஃபெரிடினைப் பார்க்காதே, பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

பூச்சி மருந்தும் கேட்டுக்கொள். மலையில் வெறுங்காலோடு நடந்த காலத்திலிருந்தே, குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு நமக்குத் தெரிந்த விருந்தாளி. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் 1916இல் இந்தத் தோட்டங்களுக்கு வந்ததே அதை ஒழிக்கத்தான். இரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தம் இல்லை. மாதவிடாய் அதிகமா, மூலமா, அதையும் சொல். குளிசையை உன் சின்னவனின் கைக்கு எட்டாமல் வை. சீனிப் பூச்சுப் போட்ட குளிசை மிட்டாய் மாதிரி இருக்கும். சிறு பிள்ளை சிலவற்றை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

ஆக, எதை வாங்குவது? மலிவான ஃபெரஸ் சல்பேட்டை வாங்கு. யோசிக்கவே வேண்டாம். வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதே, சேமிப்பு நிறைய மேலும் மூன்று மாதமாவது போக வேண்டும் என்கிறார்கள். நான் அந்த மூன்று மாதத்துக்குள்தான் இருக்கிறேன்.

ஆனால் போன கிழமை டவுனுக்குப் போனவள் சொக்லேட் குளிசை ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். மூன்றாம் தவணைப் பரீட்சை, விடாத மழை, வீடு வீடாகப் போகிற வேலை, எல்லாம் ஒன்றாக வந்திருக்கிறது. இராத்திரி பத்து மணிக்கு நெஞ்சுக்குழிப் பிரட்டலோடு படுக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை. நத்தை மாதிரி ஊர்ந்தால் ஊரட்டும். விலையும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.