அபோ பி-யை அளக்க எது: பாலிகுளோனலா, மோனோகுளோனலா?

நெய் மிதக்கும் வெண்பொங்கலை உண்டுவிட்டுத் தஞ்சாவூர் ஆய்வகத்திற்கு வருபவரின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) குழாயில் பால்போல் கலங்கி நிற்பதுண்டு. அதிலுள்ள கைலோமைக்ரான்கள் (உணவுக் கொழுப்பை ஏந்திச் செல்லும் துகள்கள்) அபோ பி என்னும் புரதத்தின் பி-48 வடிவத்தையும், கொலஸ்டிராலை ஏந்திச் செல்லும் எல்.டி.எல். துகள்கள் பி-100 வடிவத்தையும் சுமக்கின்றன. பி-48 என்பது பி-100-இன் முன்பகுதியே என்பதால், ஆடு, முயல் ஆகியவற்றின் சீரத்திலிருந்து கிடைக்கும் பாலிகுளோனல் ஆன்டிபாடி (புரதத்தின் பல இடங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்களின் கலவை) இரண்டையும் சேர்த்தே பிடித்துவிடும். ஆய்வாளர்கள் கோஹ்லரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்ட முறையில் பெறப்படும் மோனோகுளோனலோ ஒரே ஓர் இடத்தை மட்டும் அறியும். அவ்விடம் பி-100-இன் வால்பகுதியில் இருந்தால் பி-48-ஐத் தொடாது. இவ்விரு வடிவங்களையும் பிரித்தறிவதற்கு என் தேர்வு மோனோகுளோனலே, கொழுப்பு அவ்விடத்தை மறைத்தால் அளவு குறைந்து காட்டும் என்றாலும். ஆனால், ஓர் எல்.டி.எல். துகளில் ஒரே ஓர் அபோ பி மூலக்கூறுதான் உண்டு என்பதால், தனியொரு மோனோகுளோனல் துகள்களை வலையாகப் பின்னிக் கலங்கலை உண்டாக்க இயலாது. ஆன்டிபாடியைச் சேர்த்ததும் இவ்வாறு உண்டாகும் கலங்கலை அளந்து அபோ பி-யைக் கணிக்கும் அன்றாடச் சோதனைக்குப் பாலிகுளோனலே பொருந்தும், ஆட்டுக்கு ஆடு தரம் மாறும் என்ற குறையோடு.