வேரைக் காட்டாமல் நாற்று விற்பவரிடம் வாங்காதீர்கள்

வீட்டுத்தோட்டத்துக்கு நாற்றும் கலவை மண்ணும் விலைக்கு வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நோயில்லாத நாற்று, கிருமி நீக்கிய மண் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட இரண்டிலும் வேர்முடிச்சு நூற்புழு இருந்தது, அதாவது வேருக்குள் புகுந்து அதை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நுண்ணிய புழு. தக்காளி, கத்தரி, வெள்ளரி மூன்றும் போயின. செடி போனதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்வேன். மண் கெட்டதுதான் இன்னும் ஆறவில்லை. இலைச்சருகும் தொழுவுரமும் போட்டுப் போட்டுப் பல வருடமாக ஆக்கிய மண் அது.

விற்றவருடைய விளம்பரத்தில் எல்லாப் படமும் இலை, பூ, காய்தான். நேரில் பார்த்தபோதும் நாற்றுகள் நன்றாகவே இருந்தன. தண்டு தடிமன், இலை கரும்பச்சை. ஒன்றை உறையிலிருந்து உருவிக் காட்டச் சொன்னேன். "வேரைக் கிளறினா செடி வாடிடுங்க. அப்படியே நட்டுடுங்க, நான் கேரண்டி" என்றார். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு உங்களிடமும் சொல்வார்கள். மண்கட்டி உடையாமல் உருவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் நல்ல நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. குழித்தட்டு நாற்று என்றால் இன்னும் சுலபம், அடியிலிருந்து ஒரு விரலால் தள்ளினால் முழுசாக வெளியே வரும். நேர்மையாக நாற்றுத் தொழில் செய்பவர்கள் நாம் கேட்காமலே உருவிக் காட்டுவார்கள். வெள்ளை வேர்தான் அவர்களுக்குப் பெருமை.

நட்ட புதிதில் குறையொன்றும் தெரியவில்லை. பூக்கத் தொடங்கிய பிறகு மதிய வெயிலில் செடிகள் தொங்க ஆரம்பித்தன. மாலையில் நிமிரும், மறுநாள் மதியம் மறுபடி தொங்கும். விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாக இருக்கும். அப்புறம் அடியிலைகள் மஞ்சளாகின, பூ உதிர்ந்தது, நின்ற பிஞ்சுகள் பெருக்கவில்லை. பக்கத்துப் பாத்தியில் என் சொந்த விதையிலிருந்து வளர்ந்த தக்காளி அதே வெயிலில், அதே தண்ணீரில் நிமிர்ந்து நின்றது.

படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் தழைச்சத்துக் குறைவு என்றார். பிறகு நுண்ணூட்டம் போதவில்லை என்றார். அதன் பிறகு வேர் ஊக்கி ஊற்றச் சொன்னார், கடைசியாகப் பூஞ்சாண மருந்து. ஒவ்வொன்றும் அவரிடமே கிடைக்கும் சரக்கு. ஒவ்வொன்றும் கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும், காரணம் இதுதான்: வேர் அடைபட்டால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் மேலே ஏறாது, இலையில் சத்துக் குறைவின் அடையாளங்களே தெரியும். இலைப் படத்தை மட்டும் வைத்துப் பேசினால் உரம், மருந்து என்று விற்றுக்கொண்டே போகலாம். இத்தனை நடந்தும் "ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாற்று விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஈர மண்ணில் நின்று வாடும் செடியைக் கண்டால் முதலில் வேர் மேல்தான் சந்தேகம் வர வேண்டும்.

சுற்றிலும் தோண்டி ஒரு தக்காளிச் செடியை வேரோடு எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். மெல்லிய உறிஞ்சு வேர் அநேகமாக இல்லை. இருந்ததெல்லாம் இஞ்சிக் கிழங்கைப் போலப் புடைத்து, கணுக்கணுவாகத் திரண்டு கிடந்தது. பெரிய முடிச்சு ஒன்றை பிளேடால் கீறி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சதைக்குள் பளபளப்பான வெள்ளை உருண்டைகள், ஒரு பக்கம் மட்டும் கூம்பி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவில். அவைதான் பெண் புழுக்கள். வேரின் வெளித்தோலில் பழுப்புப் பசையாக ஒட்டியிருந்தது முட்டைக் குவியல்.

இந்தப் புழு வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு ஆத்திரப்படுகிறேன் என்பது புரியும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேர் நுனிக்குப் பக்கத்தில் துளைத்து உள்ளே போய் ஓரிடத்தில் தங்கிவிடும். அது செலுத்தும் உமிழ்நீரால் அங்குள்ள சில செல்கள் வழக்கத்துக்கு மீறிப் பெருத்து அதற்குத் தீனி போடும் செல்களாகிவிடுகின்றன. சுற்றியுள்ள திசு வீங்கி முடிச்சாகிறது. தண்ணீர் ஏறும் குழாய்கள் அங்கே கோணிச் சிதைகின்றன. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும். ஒரே பட்டத்தில் பல தலைமுறை. தக்காளியோடும் நிற்பதில்லை. கத்தரி, மிளகாய், வெண்டை, வெள்ளரி, பாகல், பீன்ஸ், கேரட் என்று நம் தோட்டத்தில் இருக்கும் பெரும்பாலானவற்றுக்கும் தாவும். ஆனால் தானாக நகர்ந்து அதிக தூரம் போக அதற்கு முடியாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அது போவது மண்ணிலும், ஓடும் தண்ணீரிலும், கழுவாத மண்வெட்டியிலும், நாற்றின் வேரிலும்தான். அதனால் நாற்று விற்பவருடைய பொறுப்பு மற்ற எவருடையதையும்விடப் பெரியது.

"உங்க மண்ணுலதான் இருந்திருக்கும்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அப்படியே சொன்னார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. அவர் கொடுத்த நாற்றுகளில் சில நடாமல் அவருடைய உறையிலேயே, அவருடைய மண்ணிலேயே மிச்சம் இருந்தன. என் மண் அவற்றில் பட்டதே இல்லை. அவற்றையும் அலசினேன், சிறிய முடிச்சுகள் வேர் நெடுகத் தெரிந்தன. மிச்சமிருந்த கலவை மண்ணை ஒரு தொட்டியிலும், என் பழைய பாத்தி மண்ணை இன்னொன்றிலும் போட்டு இரண்டிலும் ஒரே பாக்கெட் வெள்ளரி விதை போட்டேன். வெள்ளரி வேர் இந்தப் புழுவைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், மூன்று நான்கு வாரத்தில் முடிச்சு தெரிந்துவிடும். அவருடைய மண்ணில் முளைத்த செடிகளில் முடிச்சு. என் மண்ணில் முளைத்தவற்றில் வெள்ளை வேர், சுத்தமாக.

இந்தப் படங்களை அனுப்பியபோது அவர் சொன்ன பதிலுக்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவையே எழுதுகிறேன். "அது வேர் முடிச்சுங்க, நல்லது. காத்துல இருக்கிற தழைச்சத்தை எடுத்து செடிக்குக் கொடுக்கும். பயப்படாதீங்க."

இது அப்பட்டமான பொய். புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் இதை நம்பிவிடுவார்கள், பள்ளிப் பாடத்தில் வேர் முடிச்சு என்று படித்தது அரைகுறையாக நினைவில் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் முடிச்சு அவரை, பீன்ஸ், பட்டாணி, உளுந்து, நிலக்கடலை போன்ற பயறு வகைச் செடிகளில் வருவது. தக்காளியிலோ கத்தரியிலோ வெள்ளரியிலோ அது வரவே வராது. பயறு வகையில் இரண்டுமே வரக்கூடும் என்பதால் வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். வேரைக் கிழிக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

இதைச் சொன்னதும் "இது இப்போ புதுசா வந்திருக்கிற நோய்ங்க, எங்களுக்கே தெரியாது" என்று மாற்றிப் பேசினார். இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த வெள்ளரி வேரில் பெர்க்லி என்பவர் இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதியது 1855இல். மெலாய்டோகைன் என்ற இந்தப் புழுவினம் காய்கறிப் பயிரின் மிகப் பழைய எதிரிகளில் ஒன்று. இதைத் தெரியாமல் நாற்று விற்கவே கூடாது. பிறகு "இலவசமா வேற நாற்று தரேன்" என்றார். அதே நாற்றங்காலிலிருந்து. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் பதில் வருவது நின்றுவிட்டது.

எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்றும் விற்கும்போது சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட தக்காளி ரகங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து 1940களில் கலப்புச் செய்து கொண்டுவந்த குணம் அது. விதைப் பாக்கெட்டில் ரகப் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதில் 'என்' நூற்புழுவைக் குறிக்கும். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துபோகும். வெயிலில் காயும் தொட்டியிலும் பையிலும் இதை மட்டும் நம்பிப் பயனில்லை. எந்த ரகம், விதைப் பாக்கெட் எங்கே என்று கேளுங்கள். எனக்கு விற்றவரால் ரகத்தின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

மண் ஏற்கெனவே கெட்டுவிட்டவர்களுக்கு: ஒரு பாட்டில் ஊற்றினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். புழுவைக் குறைக்கலாம், ஒரே அடியில் ஒழிக்க முடியாது. நான் முதலில் பாதித்த செடிகளை வேர்த்துண்டு மிச்சமில்லாமல் தோண்டியெடுத்தேன். அவற்றை உரக்குழியில் போடக் கூடாது. பிறகு கோடையில் பாத்தியை நன்றாக நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து வைத்தேன். நல்ல வெயிலில் 4 முதல் 6 வாரம் இப்படி இருக்க வேண்டும். கறுப்புத் தாளைவிடத் தெளிவான தாளின் அடியில்தான் மண் அதிகம் சூடாகும். மேல்மண்ணுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஆழத்தில் இருப்பவை தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மண்தான் என்றால் ஈரத்தோடு 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினாலே புழுவும் முட்டையும் செத்துவிடும்.

அடுத்ததாகச் செண்டுமல்லி. தக்காளிக்கு நடுவில் அங்கொன்று இங்கொன்றாக வைத்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள், அது போதாது. அதன் வேரில் உள்ள பொருள் வேரைச் சுற்றியுள்ள புழுவைத்தான் தாக்கும். பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லி மட்டும் போட்டு, குறைந்தது இரண்டு மாதம் விட்டுப் பிறகு மடக்கி உழ வேண்டும். அந்தப் பாத்திக்குத் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கொடுத்து வருகிறேன். இப்போதைக்கு அங்கே வெங்காயமும் பூண்டும்தான், தக்காளி இல்லை. அந்தப் பாத்திக்கென்று தனி மண்வெட்டி வைத்திருக்கிறேன்.

புதிதாக நாற்றோ மண்ணோ வாங்குபவர்கள் ஒரே ஒரு நாற்றையாவது கடையிலேயே உருவிப் பாருங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் பாருங்கள். மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மண் மூட்டையை வந்த அன்றே பாத்தியில் கொட்டாமல் ஒரு தொட்டி மண்ணை எடுத்து வெள்ளரி விதை போட்டுச் சோதியுங்கள். ரசீதையும் கொஞ்சம் மண்ணையும் எடுத்து வையுங்கள், பிறகு கேள்வி கேட்க அவை வேண்டியிருக்கும். முக்கியமாக, ஏற்கெனவே வாங்கி நடாமல் உறையோடு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்றை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் அந்த வாளித் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிய பிறகு, செடி கொடி இல்லாத இடத்தில் ஊற்றுங்கள்.