சீனி வருத்தம் வரமுன்: குளிசையா, நடையா?

"சீனி கொஞ்சம் கூட, ஆனால் இன்னும் நீரிழிவு இல்லை" என்று கிளினிக்கில் சொன்னால் முன்னால் இரண்டு வழி: சீனியைக் குறைக்கும் மெற்போமின் குளிசை, அல்லது உணவும் நடையும்.

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. வாரம் 150 நிமிட நடையும் 7 வீத எடைக் குறைப்பும் இலக்கு. அந்த வழி நோய் வருவதை 58 வீதம் குறைத்தது. குளிசை 31 வீதம்.

ஆனால் நமக்குக் கிட்ட நிற்பது 2006இல் வெளியான இந்திய ஆய்வு. அதில் உணவும் நடையும் 28.5 வீதம், குளிசை 26.4. இரண்டையும் சேர்த்தும் 28.2 தான். அவ்வளவு பருக்காத உடம்பிலேயே சீனி ஏறும் நம்மவருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் பெரிதாக எடுப்பேன்.

குளிசை சிலருக்கு வயிற்றைக் குழப்பும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். நடைக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் கல்லடிப் பாலத்தில் வேர்க்க நடந்துவிட்டு, கடையில் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் ரோல்ஸும் என்றால் சரிவராது. ஆய்வில் உணவும் சேர்ந்தே மாறியது. முடிந்தவர்கள் நடையில் தொடங்குங்கள்.

முன்பு கர்ப்பகாலத்தில் சீனி வந்த பெண்களுக்கு அமெரிக்க ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரேயளவு உதவின. அவர்கள் குளிசை பற்றியும் வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.