ஆம்ப்ளிஃபயர் கெயின் அமைக்க டிடி-1: சிவப்பு விளக்கை மட்டும் நம்பலாமா?

கார் ஆம்ப்ளிஃபயரின் கெயினை, அதாவது ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலை அது எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பை, சரியாக வைக்க உதவுவது டிடி-1. டி'அமோர் இன்ஜினியரிங் தயாரிக்கும் கையடக்கமான கருவி. 40 ஹெர்ட்ஸ் அல்லது 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவில் ஓடவிட்டால், சிக்னல் சிதையத் தொடங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். காதால் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிடுங்கள். ஈக்வலைசர் சமநிலையில், தாழ் ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் அணைந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கருவியை ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளியீட்டில் (ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் போகும் இடம்) வைத்து, சிதையாத உச்ச வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வால்யூமில், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளுக்கு மாறி, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். விளக்கு எரிந்ததும் சற்றுக் குறையுங்கள். அவ்வளவுதான்.

குறை ஒன்று உண்டு, சின்னதல்ல. இது வாட்ஸைக் காட்டாது. 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) ஸ்பீக்கரை 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால், சுத்தமான சிக்னலே ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைக் கருக்கிவிடக்கூடும். ஆகவே மல்டிமீட்டரும் தேவை. வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 50 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 14.1 வோல்ட் ஏசி. கெயினை ஏற்றும்போது ஸ்பீக்கர் முனைகளில் இந்த வோல்டேஜ், சிவப்பு விளக்கு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். மலிவான மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும். தாழ் ஒலிகளைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரைத் தற்காலிகமாக அணைத்து, 40 ஹெர்ட்ஸில் அளப்பதே சரி.

பிறகு பேஸ் பூஸ்டை 6 டெசிபல் ஏற்றினால், அந்தத் தாழ் அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயரிடம் நான்கு மடங்கு பவர் கேட்கிறீர்கள். அமைத்த கெயினெல்லாம் வீண்.

ஒரே காருக்கு மட்டும் என்றால் மல்டிமீட்டரே போதும். இன்ஸ்டாலேஷன் கடைக்காரர்கள் டிடி-1 வாங்கலாம்.