கேம்பர் வேனில் டிஷ்ஷும் கூரை ஆன்டெனாவும்: நான்கு ஆண்டு அனுபவம்

நான் தங்கிப் பயணிக்கும் வேனின் கூரையில் உள்ள தொலைக்காட்சி ஆன்டெனா சென்ற மாதம்தான் பழுது நீங்கி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது. அதே வாரத்தில், புதிதாகக் கேம்பர் வேன் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "டிஷ் வைக்கட்டுமா, ஆன்டெனாவே போதுமா? எதில் தொல்லை குறைவு?" என்று கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, தொலைக்காட்சிக்குப் பின்னால் அலமாரியின் இருட்டு மூலையில் தீப்பெட்டி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்ச் பலகையின் மீது நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கோபம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. ஆகவே இது பெரும்பாலும் அந்தப் பலகையைப் பற்றிய புலம்பலாகவே இருக்கும்; மற்றவை இடையிடையே வரும்.

என்னுடைய ஏற்பாட்டில் புதுமை எதுவும் இல்லை. கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தும் கூரை ஆன்டெனா, வெளியே முக்காலியில் நிறுத்தும் 60 செ.மீ. டிஷ், உள்ளே 12 வோல்ட்டில் ஓடும் தொலைக்காட்சியும் செட்டாப் பாக்ஸும். ஆன்டெனாவின் தலைப்பகுதியில் சிக்னலை வலுப்படுத்தும் பூஸ்டர் ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் தனிக் கம்பியில் செல்வதில்லை. சிக்னல் இறங்கி வரும் அதே கோஆக்சியல் கேபிளின் வழியாகத்தான் 12 வோல்ட் மேலே ஏறுகிறது. அதை ஏற்றி அனுப்புவதே மேற்படி பலகையின் வேலை. சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும், ஆன்டெனா இணைப்பில் இருக்கும். அணைத்தால் ஆன்டெனா விலகி, முகாம் தளங்களில் கேபிள் இணைப்புக் கிடைத்தால் செருகுவதற்காக வேனின் வெளிப்புறத்தில் வைத்திருக்கும் சாக்கெட்டுக்கு இணைப்பு மாறிவிடும். சொல்லும்போது எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவிட்சின் மீது ஓர் எழுத்துகூட இல்லை. துணி எடுக்கும்போது கை பட்டாலே மாறிவிடுகிறது. தொலைக்காட்சியை அதன் தாங்கியோடு முன்னால் இழுத்தால் ஒழியக் கண்ணிலும் படுவதில்லை.

டிஷ் வாங்கிய முதல் மாலையே இந்தப் பலகையிடம் தோற்றேன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சிக்னல் வாங்கும் கருவி வேலை செய்யச் செட்டாப் பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் கேபிள் வழியாகவே போயாக வேண்டும். வாங்க வேண்டியது செங்குத்து அலையையா கிடை அலையையா என்று அது தெரிந்துகொள்வதும் அந்த வோல்ட் அளவை வைத்துத்தான். வெளியே சாக்கெட் இருக்கிறதே என்று டிஷ்ஷின் கேபிளை அதில் செருகினேன். அந்தச் சாக்கெட்டின் கேபிளோ நேராகப் பலகைக்குச் செல்கிறது, பலகை பாக்ஸின் மின்சாரத்தை வெளியே விடுவதில்லை. உயிரே இல்லாத டிஷ்ஷை இரண்டு மணி நேரம் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு வேனின் பக்கச்சுவரில் வேறொரு துளையிட்டு, இடையில் எதுவும் இல்லாமல் நேரே பாக்ஸுக்கு ஒரு கேபிள் இழுத்த பிறகே படம் வந்தது.

அதன்பின் டிஷ் எனக்குக் கொடுத்தது பெரும்பாலும் இன்பமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அரை மணி நேரம் பிடித்த வேலை இப்போது பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில், நம் பார்வைக்கு அசையாமல் நிற்கிறது. அசைந்துகொண்டே இருப்பது நம் வேன்தான் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திசை, உயரக் கோணம், எல்.என்.பி.யின் சாய்வு ஆகிய மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி மட்டுமே. விரல் அளவு தவறினால் பக்கத்துச் செயற்கைக்கோளில் போய் நிற்கும். அப்போதும் பாக்ஸின் திரையில் சிக்னலின் வலிமை 80 விழுக்காடு என்று காட்டி நம்மை ஏமாற்றும். தரம் என்ற இரண்டாவது அளவு உயர்கிறதா என்பதை மட்டுமே நான் பார்க்கிறேன். திருப்பிய கையோடு திரையை எதிர்பார்ப்பதும் வீண். பாக்ஸ் சிக்னலைப் பிடித்து உறுதி செய்யச் சில வினாடிகள் ஆகும், ஆகவே ஒரு சிறு நகர்வு, பிறகு ஐந்து வரை எண்ணும் பொறுமை, பிறகு அடுத்த நகர்வு என்றுதான் போக வேண்டும். திசைகாட்டியை வேனின் அருகே வைத்துப் பார்த்தால் இரும்பு அதை இழுத்துவிடும் என்பதால் பத்து அடி தள்ளிப் போய்ப் பார்க்கிறேன். டிஷ்ஷின் முகத்தைக் கண்ணால் பார்த்துக் கோணத்தை ஊகிக்கவும் கூடாது. பெரும்பாலான சிறிய டிஷ்கள் அலையைச் சாய்வாக வாங்கும்படி அமைந்தவை. 30 டிகிரி உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்கும்போதும் அவை ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும்.

இவ்வளவையும் ஈடுகட்டும் ஒரு வசதி முக்காலிக்கு உண்டு. வெயில் கடுமையாக இருக்கும் இடத்தில் வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, டிஷ்ஷை மட்டும் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் வைக்கலாம். கூரையில் நிலையாகப் பொருத்திய டிஷ்ஷும் மூடிய குமிழுக்குள் அடங்கிய வகையும் இதைச் செய்ய முடியாதவை. அவற்றுக்கு வானம் தெரிய வேண்டுமானால் நாமும் வெயிலில்தான் கிடக்க வேண்டும். இலைகள், அதுவும் நனைந்த இலைகள், சிக்னலை அப்படியே விழுங்கிவிடும். காற்றுக்கு முக்காலியின் நடுவில் தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றைத் தொங்கவிடுகிறேன். கனமழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைவதற்கு மட்டும் மாற்று வழியே இல்லை.

ஆன்டெனாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு ஊரிலும் அலைவரிசைகளைப் புதிதாகத் தேடவிட வேண்டும். சில சிறிய கோபுரங்கள் செங்குத்து அலையில் ஒளிபரப்புவதால் ஆன்டெனாவையும் அதற்கேற்ப 90 டிகிரி திருப்ப வேண்டியிருக்கும். மலிவான எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் ஓர் அலைவரிசை மறைந்தால் குற்றம் ஆன்டெனாவினுடையது அன்று, விளக்கினுடையது. உயர்த்திய ஆன்டெனாவை இறக்காமல் வண்டியைக் கிளப்பும் தவறை ஒருமுறை செய்ய இருந்தேன். அன்றிலிருந்து வண்டிச் சாவி ஆன்டெனாவின் கைப்பிடியில்தான் தொங்குகிறது.

இனி அந்தப் பழுதைப் பற்றி. சென்ற ஆண்டு படுக்கையின் பக்கம் இரண்டாவது தொலைக்காட்சி ஒன்றை வைத்தேன். அதற்குக் கேபிளைப் பிரிக்க வேண்டியிருந்தது. கூரைக்கு அடியில் இடம் வசதியாக இருந்ததால் ஸ்ப்ளிட்டரை ஆன்டெனாவுக்கும் பலகைக்கும் நடுவிலேயே பொருத்திவிட்டேன். ஒரு முனையில் மட்டும் மின்சாரத்தை அனுமதிக்கும் வகை ஸ்ப்ளிட்டர் அது என்பதோ, பலகையின் கேபிள் மற்ற முனையில் போய்ச் சேர்ந்திருந்தது என்பதோ எனக்குத் தெரியாது. அதனால் பூஸ்டருக்கு மின்சாரமே போகவில்லை. கோபுரத்துக்கு அருகில் தங்கும்போது பூஸ்டர் இல்லாமலேயே படம் தெளிவாக வந்தது, சற்றுத் தள்ளிப் போனால் ஓர் அலைவரிசைகூட இல்லை. எட்டு மாதம் மரங்களையும் மேடுகளையும் பழித்தேன். பச்சை விளக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியென்று எரிந்துகொண்டே இருந்தது. அந்த விளக்கு சொல்வது பலகைக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதை மட்டுமே. அது மேலே போய்ச் சேர்ந்ததா என்பதைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

வேனைக் கொடுத்த பணிமனையில் ஆன்டெனாவின் தலையையே மாற்றினார்கள். கூலி வாங்கினார்கள், கோபுரத்துக்கு அருகில் படம் வருவதைக் காட்டினார்கள், அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பழைய கதைதான். வேறோர் இடத்தில் இருந்த இளைஞர் கூரைமேல் ஏறி, தலையிலிருந்து கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு நிமிட வேலை. ஸ்ப்ளிட்டரைக் கழற்றி, பலகைக்கும் தொலைக்காட்சிகளுக்கும் நடுவில் மாற்றிப் பொருத்தியதும் இரண்டிலும் படம் வந்துவிட்டது. தவறு என்னுடையது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார், நானும் மறுக்கவில்லை. ஆனாலும் பொய் சொல்லும் விளக்கை கண்ணுக்கு எட்டாத மூலையில் வைத்தவர்மீது எனக்கிருக்கும் வருத்தம் அதனால் குறைந்துவிடவில்லை.

இவ்வளவும் படித்தவர்கள் டிஷ்ஷைத்தான் பரிந்துரைப்பேன் என்று நினைக்கலாம். நண்பரிடம் நான் சொன்னது, ஆன்டெனா மட்டும் போதும் என்பதே. பழுது நீங்கிய பின் அதே ஆன்டெனாவில், கொட்டும் மழையில், டிஷ் கைவிட்ட ஓர் இரவில் செய்தி முழுவதையும் தடையின்றிப் பார்த்தேன். வெளியே போய் எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. வெயில் காலத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. வேனை எடுத்தவுடன் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும், சுவிட்சின் மேல் வெள்ளைத் தாளில் 'ஆன்டெனா' என்று எழுதி ஒட்டுங்கள் என்றும் சொன்னேன். டிஷ் வேண்டுமென்று அவருக்கு எப்போதாவது தோன்றினால் என் வேனுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். என் எல்.என்.பி.யில் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்றில் இதுவரை எதுவும் செருகியதில்லை. பாக்ஸும் 15 மீட்டர் கேபிளும் அவர் கொண்டு வந்தால் போதும்.