எங்கள் பலசரக்குக் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக்கொடுத்தவரைப் பற்றி

அம்பாசமுத்திரத்தில் எங்களுடையது மொத்தமும் சில்லறையும் சேர்ந்த பலசரக்குக் கடை. பில் போட, பற்று வரவு பார்க்க, சரக்கு இருப்பு தெரிய எங்களுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வாங்கினோம். எழுதியவர் விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி. சென்னையில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் இருந்தபடி தனியாளாகச் செய்கிறார். 40,000 ரூபாய் வாங்கினார். "ரெடிமேடா பத்தாயிரத்துக்குக் கிடைக்குமே அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு?" என்று கடைத்தெருவில் கேட்காதவர்கள் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் வந்தபோது தம்பி கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பில் போடுகிற பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தது கேள்வி. "கருப்பட்டி சிப்பமா போனா ஒரு விலை, கிலோவா போனா ஒரு விலையா?" "பற்று வைக்கிறவுக பாதிப் பணம் குடுத்தா எந்தப் பில்லுல கழிப்பீக?" "ஒரு மாசம் கழிச்சு சரக்கைத் திருப்பிக் கொண்டாந்தா எந்த விலைக்கு எடுப்பீக?" பாதிக்கு மேல் எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்பா காலத்திலிருந்து கை பழகிய கணக்கு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் தானாக எதையும் ஊகித்துக்கொள்ளாது. எந்த நிலைமையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஆள் முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்தால்தான் செய்யும். நான் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்குத்தான் என்பேன்.

அதன் அருமை 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. ஜிஎஸ்டி மாறிய நாள். நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5. துணிக்குப் போடும் டிடர்ஜென்ட் மட்டும் 18லேயே நின்றது. ஒரே அலமாரியில் ஒரே வரியில் இருந்த சரக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எங்கள் புரோகிராமில் வரி தனி அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் எந்தத் தேதியிலிருந்து எத்தனை சதவீதம் என்று. முந்தின ராத்திரியே புது வரியை 22ஆம் தேதி போட்டு ஏற்றிவைத்தோம். காலையில் முதல் பில்லே சரியாக வந்தது. ரெடிமேட் வைத்திருந்த நண்பர் ஒருவர் அப்டேட் வரும்வரை கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

அதைவிட ஒன்று. ஆகஸ்டில் பெட்டியாக ஷாம்பு வாங்கிய ஒரு சில்லறைக் கடைக்காரர் அக்டோபரில் கொஞ்சம் திருப்பினார். புரோகிராம் பழைய பில்லைத் தேடி எடுத்து, அந்த 18 சதவீதத்திலேயே வரவு வைத்தது. ஒரு மாசம் கழித்துத் திருப்பினால் என்று அன்றைக்குக் கேட்டது இதற்குத்தான்.

தமிழில் சரக்குப் பெயர் தேடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் வாரம் கொத்தமல்லி என்று தேடினால் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. எழுத்துப் பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். தம்பி திரையில் காட்டினார்: கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி எழுதினார். கொள்ளு, கோதுமை, சோம்பு எல்லாம் அதிலேயே சரியாகிவிட்டன.

பைசா கணக்கில் தகராறே வந்ததில்லை. தசம எண்களை அப்படியே விட்டால் கம்ப்யூட்டர் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று சொல்லுமாம். அதனால் எல்லாத் தொகையையும் முழுப் பைசாவாகவே வைத்திருக்கிறார். ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் நாள்கணக்கில் தங்குவதற்கு அரிசி பருப்பு வாங்க நெருக்கியடிக்கும்போது கரண்ட் போனது. அப்போதும் கணக்கு குழம்பவில்லை. பில் முழுதாகப் பதிவாகும், இல்லையென்றால் அதில் ஒரு சரக்குகூடப் பதிவாகாது. பாதி பில் என்ற பேச்சே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். எங்கள் பில் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் பில்லின் ஒவ்வொரு எழுத்து வரியையும் படமாக்கி அனுப்பும்படி செய்திருக்கிறார். நீள பில் வர நேரமாகிறது. செல்போனில் இருப்பு பார்க்க இன்னும் வழி செய்யவில்லை. தனியாள், சாயங்காலம் போனை எடுக்கமாட்டார். ஆனால் புரோகிராமுக்காக அவர் எழுதிய முழு நிரலையும், எங்கே எதை ஏன் எழுதினார் என்ற குறிப்போடு, பென் டிரைவில் கொடுத்துவிட்டார். நாளைக்கு வேறு யார் வந்தாலும் தொடரலாம். வருடத்துக்கு 5,000 ரூபாய் பராமரிப்பு.

பத்துப் பதினைந்து சரக்கு மட்டும் விற்கிற கடைக்கு இது வேண்டாம், ரெடிமேடே போதும். பற்று, சிப்பம், சில்லறை என்று பல கணக்கு ஓடுகிறவர்கள் தாராளமாகக் கூப்பிடலாம். பழைய பில் புத்தகத்தையும் பற்று நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அவற்றைத்தான் கேட்பார்.